உபுண்டு 22.04: செலினியம் வழியாகப் பயர்பாக்ஸ் திறக்கவில்லை

உலாவியைத் தானாக இயக்கும் கருவியான செலினியத்தைக் கொண்டு பைத்தானில் எழுதிய நிரலை ஓட்டினால், பயர்பாக்ஸ் புரொஃபைலை (உலாவியின் அமைப்புகள் இருக்கும் கோப்புறையை) ஏற்ற முடியவில்லை, அது இல்லை அல்லது அணுக முடியவில்லை என்று ஒரு சிறு பெட்டி எழுகிறது. அத்தோடு எல்லாம் நின்றுவிடுகிறது. பயர்பாக்ஸை நேரடியாகத் திறந்தால் ஒரு குறையும் இல்லை.

உபுண்டு 22.04, பைத்தான் 3.10, செலினியம் 4. பயர்பாக்ஸ், உபுண்டுவோடு வந்த ஸ்னாப் தொகுப்பு (செயலியை மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் வகை). போன வாரம் வரை 20.04-இல் இதே நிரல் ஒழுங்காக ஓடியது. செலினியத்தைப் பயர்பாக்ஸோடு இணைக்கும் கெக்கோடிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன், செலினியத்தையும் புதுப்பித்தேன். ஹெட்லெஸ் (சாளரம் காட்டாத) முறையில் பெட்டி வருவதில்லை, ஆனாலும் நிரல் பாதியில் முறிகிறது.

தற்காலிக புரொஃபைல் 'டிஎம்பி' கோப்புறையில் உருவாகிறது. ஸ்னாப் செயலிகளுக்கோ தனி 'டிஎம்பி'; அதனால் பயர்பாக்ஸுக்கு அந்தப் புரொஃபைல் தெரியாமல் போகலாம். சிக்கல் அங்கேதான் என்று வலுவாகச் சந்தேகிக்கிறேன். நூலகப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை முழுவதும் இந்த நிரலை நம்பித்தான் இருக்கிறது.

ஸ்னாப் பயர்பாக்ஸை வைத்துக்கொண்டே, தற்காலிகக் கோப்புறையை என் ஹோம் கோப்புறைக்குள் மாற்றினால் போதுமா, அல்லது உபுண்டுவின் வழக்கமான டெப் தொகுப்புக்கு மாறித்தான் ஆகவேண்டுமா?