ரால்ஸ் பக்கமா, நோசிக் பக்கமா?

செந்தூல் மாணவன்:
அமெரிக்கத் தத்துவஞானி ஜான் ரால்ஸின் நீதிக் கோட்பாடு நூலாக வந்தது 1971-இல், இங்கே மலேசியாவில் அரசின் புதிய பொருளாதாரக் கொள்கை தொடங்கியதும் அதே ஆண்டுதான். எந்த இனத்தில், எந்த வீட்டில் பிறப்போம் என்று தெரியாதபடி ஒரு திரைக்குப் பின்னால் நின்று சட்டம் எழுதுங்கள் என்கிறார் ரால்ஸ். அப்படி எழுதினால், ஏற்றத்தாழ்வு இருந்தாலும் அது ஆகக் கீழே கிடப்பவருக்கு நன்மை தர வேண்டும் என்றுதானே எழுதுவோம்? அதனால் அரசின் உதவி, இனத்தைப் பார்த்து அல்ல, வருமானத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். இன வேறுபாடு பார்க்காமல் வறுமையை ஒழிப்பது அந்தப் புதிய பொருளாதாரக் கொள்கையின் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தது.

ஜெலுத்தோங் கடைக்காரர்:
தம்பி, அந்தத் திரைக்குப் பின்னால் உழைத்தவன் யாரும் இல்லை, பங்கு போடுபவன் மட்டும் நிற்கிறான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கிறவன் நான். உழைத்துச் சம்பாதித்ததில் எடுக்கும் வரி கட்டாய உழைப்புக்குச் சமம் என்று இன்னொரு அமெரிக்கத் தத்துவஞானி ராபர்ட் நோசிக் 1974-இல் எழுதினார், எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. பொருள் நேர்மையாக வந்து, விருப்பத்தோடு கைமாறியது என்றால் கடைசியில் யாரிடம் எவ்வளவு சேர்ந்தாலும் அது நீதிதான்.

தோட்டத்துப் பேத்தி:
அண்ணே, "நேர்மையாக வந்து" என்ற இடத்திலேயே கொஞ்சம் நில்லுங்கள். சேர்த்ததிலோ கைமாற்றியதிலோ பழைய அநியாயம் இருந்தால் அதைச் சரிசெய்தாக வேண்டும் என்று நோசிக்கே சொல்கிறார், அவரைப் பிடித்தவர்கள் ஏனோ இதை மட்டும் தாண்டிப் போகிறார்கள். என் தாத்தா, பாட்டி, அப்பா எல்லாரும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள், வேலை போனது, லயத்தையும், அதாவது தோட்டத்து வரிசை வீட்டையும், காலி செய்யச் சொன்னார்கள். அந்த விற்பனையில் தாத்தாவின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லையே, அது எந்தக் கைமாற்றம்?

ஜெலுத்தோங் கடைக்காரர்:
சரி தங்கச்சி, அது அநியாயம், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நிலம் இன்றைக்கு எத்தனை கை மாறியிருக்கும்? கடன் போட்டு அங்கே வீடு வாங்கியவன் ஏன் ஈடு கட்ட வேண்டும்?

செந்தூல் மாணவன்:
அண்ணே, ரால்ஸ் வேண்டும் என்று நான் சொல்வதே அதற்காகத்தான். யார் யாருக்குக் கடன்பட்டார் என்று தோண்ட வேண்டியதில்லை, இன்றைக்குக் கீழே இருப்பவரை எல்லாரும் சேர்ந்து தூக்கிவிட்டால் போதும்.

தோட்டத்துப் பேத்தி:
போதாது தம்பி. உதவித்தொகை தருவது வேறு, கடனைத் திருப்பித் தருவது வேறு. ஏழை என்பதற்காக எங்களுக்கு ஒரு வீடு கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், ஆனால் அந்தத் தோட்டத்தில் உழைத்ததற்காக இது உங்களுக்குச் சேர வேண்டியது என்று எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அப்பா இன்னும் அந்த வரிக்குத்தான் காத்திருக்கிறார்.