தானே கட்டின குகைக்குள்ள தானே பயப்படுற நாலு வயசுக் குழந்தை: விளையாட்டை நிறுத்தணுமா?

சொப்புச்சட்டி (கேள்வி):

வணக்கம். பொண்ணுக்கு நாலு வயசு மூணு மாசம். அக்கம்பக்கத்துல அவ வயசுப் பிள்ளைங்க இல்ல, அதனால பெரும்பாலும் தனி விளையாட்டுதான். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிதான் குகை. உள்ள ஒரு கரடி இருக்காம். கரடியும் அவளே, கரடிகிட்ட மாட்டிக்கிற பாப்பாவும் அவளே. குரலை மாத்தி மாத்திப் பேசுவா. பத்து நிமிஷம் நல்லாப் போகும். அப்புறம் திடீர்னு கத்திக்கிட்டு ஓடி வந்து காலைக் கட்டிக்குவா, கை கால் நடுங்கும். மறுநாள் மறுபடி அதே பெட்டி, அதே கரடி. மூணு வாரமா இப்படித்தான். ராத்திரி கட்டிலுக்கு அடியில பார்க்கச் சொல்றா. ஒரு தடவை பார்த்தா போதாது, நாலஞ்சு தடவை.

பெட்டியைத் தூக்கிப் போட்டுடலாமா? "கரடியெல்லாம் இல்லடா, சும்மா"னு சொன்னா கேட்கிறா, ஆனா பயம் போகல. கூட உட்கார்ந்து விளையாடினா நல்லதா, கெடுதலா? சோறு ஊட்டறப்ப வீட்டுப் பெரியவங்க "பூச்சாண்டி வர்றான்"னு சொல்றது உண்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

மழலைமனம்:

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அலறி ஓடி வந்தவள் மறுநாள் தானாகவே திரும்பிப் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கவனியுங்கள். நிஜமாகவே ஆபத்து என்று நம்பும் இடத்துக்கு எந்தக் குழந்தையும் சொப்பைத் தூக்கிக்கொண்டு மறுநாள் போய் உட்காராது. அவள் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பார்க்கிறாள். ஒரு கட்டத்தில் அளவு கை மீறிப் போகிறது, அவ்வளவுதான்.

நாலு வயதுக்கு நிஜமும் கற்பனையும் பிரித்துத் தெரியாது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. 1991இல் வெளிவந்த ஆய்வில், இங்கிலாந்தின் பால் ஹாரிஸும் உடன் பணியாற்றியவர்களும் நாலு வயது, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு பெரிய பெட்டிகளைக் காட்டினார்கள். காலிப் பெட்டிதான் என்று குழந்தையே பார்த்த பிறகு, ஒன்றுக்குள் ஒரு பிராணி இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலருக்கு முயல், சிலருக்குப் பூதம். உள்ளே நிஜமாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை, சும்மா நினைத்துக்கொண்டதுதான் என்பதே பெரும்பாலும் பதில். ஆய்வாளர் அறையை விட்டுக் கிளம்பும்போதுதான் மாறியது. பூதத்தை நினைத்தவர்களில் சிலர் அவரைப் போக விடவில்லை. தனியாக இருந்த குழந்தைகளில் பலர் அந்தப் பெட்டியிடம் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவேளை இருக்குமோ என்று தோன்றியதாகப் பிறகு ஒப்புக்கொண்டவர்களும் உண்டு.

உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான். கரடி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் மனதில் கரடியைத் தெளிவாக வரைந்ததும் உடம்பு முந்திக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை ஜில்லிடுகிறது. பிறகு அந்தப் படபடப்பையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறாள்: "எனக்குப் பயமா இருக்கு, அப்ப ஏதோ இருக்கணும்." அதனால்தான் "கரடி இல்லை" என்ற வாக்கியத்தை அவள் ஏற்றுக்கொண்ட பிறகும் பயம் அப்படியே நிற்கிறது. நீங்கள் பதில் சொல்வது அறிவுக்கு, கேள்வி வருவது உடம்பிலிருந்து.

தனியாக விளையாடுவது இதைக் கூட்டுகிறது. இரண்டு பேர் விளையாடினால் ஒருத்தி கொஞ்சம் அதிகமாக உறுமும்போது மற்றவள் "டைம் ப்ளீஸ்" என்பாள், கதை நின்றுவிடும். தனியாக விளையாடுபவளுக்கு நடிப்பவள், நடத்துபவள், பார்ப்பவள் மூன்றும் அவளே. நடிப்பில் மூழ்கியதும் நடத்துபவள் காணாமல் போகிறாள். விளையாட்டை நிறுத்த ஆள் இல்லை.

எனவே கரடியை ஒழிக்க வேண்டாம். நிறுத்தும் அதிகாரத்தை அவள் கையில் கொடுங்கள். பகலில், பயம் இல்லாத நேரத்தில், கண்ணாமூச்சிக்கு "ஜூட்" சொல்லிக் கொடுப்பதுபோல இதையும் சொல்லிக் கொடுங்கள்: கையைத் தூக்கி "டைம் ப்ளீஸ்" என்றால் கரடி உடனே உட்கார்ந்துவிடும். முதலில் நீங்கள் கரடியாகி, அவள் சொன்ன நொடியே பொத்தென்று உட்காருங்கள். ஐந்தாறு தடவை சிரிக்கச் சிரிக்கச் செய்தால்தான் தனியாக இருக்கும்போது நினைவுக்கு வரும்.

சேஃபான், லகட்டூட்டா என்ற இருவரின் ஆய்வு 2009இல் வந்தது. கற்பனைப் பிராணியைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு எது உதவும் என்று குழந்தைகளிடமே கேட்டார்கள். ஏழு வயதை ஒட்டியவர்கள் "அது நிஜமில்லைன்னு நினைச்சுக்கணும்" என்ற பக்கம் சாய்ந்தார்கள். நாலு வயதை ஒட்டியவர்கள் "அது நல்ல பூதம்னு வச்சுக்கலாம்" என்ற பக்கம் சாய்ந்தார்கள். உங்கள் மகளின் வயதுக்குக் கற்பனையை மறுப்பதைவிட அதன் போக்கைத் திருப்புவது எளிது. "கரடி இல்லை" என்பதற்குப் பதில் "கரடிக்கு ஏன் கோபம்? பசியா?" என்று கேட்டுப் பாருங்கள்.

பால்வாடித்திண்ணை:

மேலே சொன்னதோட, பெட்டியையும் கொஞ்சம் கவனிங்க. பாதிப் பிரச்சினை பெட்டியிலயே இருக்கும். ஃப்ரிட்ஜ் பெட்டியைப் படுக்கப் போட்டா ஒரு வாய்தான், அந்தக் கோடி கும்மிருட்டு. முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாத இடத்துல பெரியவங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்.

எதிர்ப்பக்கமும் ஒரு வாசல் வெட்டுங்க. குழந்தை தவழாம, குனிஞ்சு ஓடி வர்ற அளவு: அகலம் 45 செ.மீ., உயரம் 60 செ.மீ. தரையோட சேர்த்து வெட்டணும், கீழ விளிம்பு விட்டா அவசரத்துல கால் தடுக்கும். பக்கச் சுவர்ல அவ உட்கார்ந்தா கண் வர்ற உயரத்துல மூணு நாலு ஓட்டை, ஒவ்வொண்ணும் 5 செ.மீ. வட்டம். ஓட்டை 9 செ.மீ.லேருந்து 23 செ.மீ.க்குள்ள இருக்கக் கூடாது. உடம்பு நுழைஞ்சு தலை மாட்டிக்கிற அளவு அது. வெட்டின ஓரத்துக்கு பேப்பர் டேப் ஒட்டுங்க. இருட்டு வேணும்னா மேல பழைய பருத்திப் புடவை போடலாம், பிளாஸ்டிக் ஷீட் கூடாது. புடவை இழுத்தா வந்துடணும், முடிச்சுப் போட்டுக் கட்டாதீங்க.

டார்ச் ஒண்ணு கொடுங்க. வெளிச்சத்தை அவளே போட்டு அணைக்கிறதுதான் இங்க மருந்து. பட்டன் பேட்டரி போட்ட பொம்மை டார்ச் வேண்டவே வேண்டாம். அதை முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய் வெந்து போகும். பென்சில் செல் போடுற, மூடி ஸ்க்ரூ வச்ச டார்ச் வாங்குங்க.

கூட விளையாடுறது நல்லதுதான், ஆனா நடத்துறது அவளா இருக்கட்டும். "டைம் ப்ளீஸ்" பழக்குறப்ப தவிர, அவ கூப்பிடாம கரடி வேஷம் கட்டாதீங்க. நம்ம குரல் பெருசு, உறுமல் நிஜமா இருக்கும். வழியில போற ஒரு ஆளா, மோர் விக்கிற பாட்டியா வாங்க. கதையில அடுத்து என்னன்னு நீங்க முடிவு பண்ண வேண்டாம். பாட்டி குரலை விட்டுட்டு, காதோரமா ரகசியக் குரல்ல "இப்ப நான் என்ன சொல்லணும்?"னு கேளுங்க. அவ சொல்றதை அப்படியே பாட்டி குரல்ல சொல்லுங்க. அப்படிக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவ நடிப்பிலேருந்து வெளிய வந்து, கதையை நடத்துறவளா ஆகிட்டுத் திரும்பிப் போறா. மத்தவர் சொன்ன "நடத்துபவள்" அங்கதான் பழகுறா. பத்துப் பதினஞ்சு நிமிஷம் போதும். அப்புறம் அதே ரூம்ல கீரை ஆய்ஞ்சுக்கிட்டு உட்காருங்க. நீங்க கண்ணுல படுற தூரத்துல இருக்கிறதே போதும், பேச வேண்டியதில்ல.

தனியாப் பேசுறப்ப எட்டிப் பார்த்துச் சிரிக்கிறதோ, செல்போன்ல வீடியோ எடுத்துச் சொந்தக்காரங்களுக்கு அனுப்புறதோ செய்யாதீங்க. அந்தப் பேச்சாலதான் அவ தன்னை நடத்திக்கிறா. கூச்சம் வந்துட்டா வாய் மூடிக்கும், பயம் மட்டும் உள்ள இருக்கும்.

ஓடி வந்து காலைக் கட்டினா உடனே "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல" வேண்டாம். முதல்ல தூக்கிக்கோங்க, மூச்சு அடங்கட்டும். அப்புறம் "கடுகு பயமா, கொண்டைக்கடலை பயமா, தேங்காய் பயமா?"னு கேளுங்க. இந்த வயசுக்கு பத்துக்கு எத்தனைன்னு கேட்டா புரியாது, மூணு அளவு புரியும். தேங்காய்னு சொன்னா அன்னிக்குப் பெட்டிக்கு லீவு. கடுகுன்னா, "கரடியை எங்க விட்டுட்டு வந்தே? வா, தூங்க வச்சுட்டு வரலாம்"னு கதையை முடிச்சுட்டு வாங்க. பாதியில விட்ட கதைதான் ராத்திரி கட்டிலுக்கு அடியில வந்து உட்காரும்.

சொப்புச்சட்டி:

ரொம்ப நன்றிங்க. ரெண்டாவது வாசல் இன்னிக்கே வெட்டிடறோம். ராத்திரிக்கு என்ன செய்யறது? ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி ஊத்தி "பூத மருந்து"ன்னு கட்டிலுக்கு அடியில அடிக்கச் சொல்லி ஒருத்தர் சொன்னாங்க. செய்யலாமா?

நைட்ஷிப்ட்:

நான் ஸ்ப்ரே பக்கம் போக மாட்டேன். பெரியவர் கையால் மருந்து அடித்தால், அடிக்க வேண்டிய ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று பெரியவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். நாலஞ்சு தடவை குனிந்து பார்ப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் நிம்மதி இரண்டு நிமிடம் நிற்கும், அதற்குப் பிறகு அடுத்த தடவை தேவைப்படும்.

விளக்கு அணைக்கும் முன் ஒரே தடவை, அவளே டார்ச் அடித்துப் பார்க்கட்டும், நீங்கள் அறை வாசலில் நில்லுங்கள். மறுபடி கேட்டால் "பார்த்தாச்சே, நீதானே பார்த்தே" என்று அமைதியாகச் சொல்லிப் படுக்க வையுங்கள். முதல் மூன்று நான்கு இரவுகள் அழுகை கூடலாம். அதில் ஒரு நாள் விட்டுக்கொடுத்தால், அழுதால் நடக்கும் என்று பழகிவிடும்.

அடுத்து, பராமரிக்க ஒரு பொம்மையைக் கையில் கொடுங்கள். இஸ்ரேலில் அவி சாதேவின் குழு 2006 போர்க்காலத்துக் குழந்தைகளுக்கு ஒரு சோக முக நாய்ப் பொம்மையைக் கொடுத்து, "இது சோகமா இருக்கு, நீ பார்த்துக்கோ" என்றது. குழந்தைகளின் பதற்றம் குறைந்தது. பிறகு நாலு முதல் ஆறு வயது வரையான குழந்தைகளின் இரவுப் பயத்துக்கும் இதே முறை பலன் தந்தது. உங்கள் வீட்டில் கரடிக்குட்டியையே தேர்ந்தெடுங்கள். "குட்டிக்கு இருட்டுன்னா பயம், முதுகு தட்டித் தூங்க வை" என்று சொல்லுங்கள். காப்பாற்றப்பட வேண்டியவள் காப்பவளாகிறாள், கரடியும் பகைவன் பட்டியலிலிருந்து வெளியேறுகிறது.

வாக்கியமும் முக்கியம். 1975இல் ஃப்ரெடெரிக் கான்ஃபரும் வேறு இரு ஆய்வாளர்களும் இருட்டுக்குப் பயப்படும் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு வெவ்வேறு வாக்கியங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். "இருட்டு நல்ல இடம்" என்ற வகையைவிட, இருட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும் என்ற வகைதான் அதிக நேரம் தாங்க வைத்தது. தமிழில் "எனக்குப் பார்த்துக்கத் தெரியும்" போதும்.

ஜீரோ வாட் பல்பைத் தரையோரப் பிளக்கில் போடாதீர்கள். பொருள் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தால் நிழல் சுவர் முழுக்க எழும்பும், கொடியில் தொங்கும் சட்டை ஆளாகிவிடும். விளக்கு உயரத்தில், கட்டிலுக்கு நேரே இல்லாமல் இருக்கட்டும்.

தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண்ணைத் திறந்தபடி அலறி, உங்களை அடையாளம் தெரியாமல், காலையில் எதுவும் நினைவில்லாமல் இருந்தால் அது வேறு, ஆழ்ந்த தூக்கத்தில் வரும் அலறல். எழுப்பாதீர்கள், விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் முழித்து, கண்டதைச் சொல்லி அழுதால்தான் கெட்ட கனவு. அணைத்துப் பேசலாம்.

பால்வாடித்திண்ணை:

ஸ்ப்ரே விஷயத்துல எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. பெரியவங்க கொண்டு வந்து அடிச்சா தப்புதான். அவளே விளையாட்டுல கண்டுபிடிச்சு, அவளே அடிச்சா, அது அவளோட கதை. தடுக்க வேண்டாம். ஆனா பாட்டில் படுக்கை வரைக்கும் வந்தா, அது இல்லாம தூங்க மாட்டேன்னு நிக்கும். பகல்ல பெட்டியோட இருக்கட்டும்.

மழலைமனம்:

அதில் உடன்படுகிறேன். எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளின் விளையாட்டில் கரடி ஒருநாள் தூங்கும், ஒருநாள் துரத்தும், கதை நகரும். நகராத விளையாட்டுதான் அபாயக்குறி. அமெரிக்காவின் சவுச்சில்லாவில் 1976இல் 26 பிள்ளைகள் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டார்கள். பிறகு அவர்களைச் சந்தித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அதிர்ச்சிக்குப் பிந்தைய விளையாட்டை விவரித்தார்: அதே காட்சி, அதே முடிவு, முகத்தில் மகிழ்ச்சி இல்லை, முடிந்த பிறகும் ஆறுதல் இல்லை. அப்படித் தெரிந்தாலோ, அந்தக் காட்சி குழந்தைக்குத் தெரிந்திருக்கக் கூடாத விஷயமாக இருந்தாலோ, குறுக்கு விசாரணை செய்யாமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போங்கள். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். விட்டிருந்த படுக்கை நனைத்தல் திரும்புவது, பகலிலும் தனியாகக் கழிப்பறைக்குப் போக மறுப்பது, பள்ளிக்குப் போக முடியாத அளவு பயம் நான்கு வாரம் தாண்டுவது, இவற்றுக்கும் காட்டுவது நல்லது.

பால்வாடித்திண்ணை:

பூச்சாண்டி கேள்வி விட்டுப்போச்சு. சம்பந்தம் உண்டுங்க. பெட்டிக் கரடி அவ வரவழைச்சது, அவ அனுப்பிடலாம். பூச்சாண்டியை வரவழைக்கிறது பெரியவங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு குழந்தை நம்புது. அனுப்புற அதிகாரமும் அவ கையில இல்ல. அஞ்சு கண்ணன், பிள்ளை பிடிக்கிறவன் எல்லாம் இதே கணக்குதான். சோறு நாலு வாய் கூடுதலா இறங்கும், ராத்திரி தூக்கம் போகும்.

பெரியவங்ககிட்ட "சொல்லாதீங்க"ன்னு மட்டும் சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க. விளையாட்டைத் திருப்பிப் போடுங்க. பெரியாழ்வார் பாசுரத்துல அப்பூச்சி காட்டுறது, அதாவது பூச்சி காட்டிப் பயமுறுத்துறது, குட்டிக் கண்ணன்தானே, பயந்து கூவுறவங்க பெரியவங்க. அதே மாதிரி பாப்பா துண்டைப் போர்த்திக்கிட்டுப் பூச்சாண்டியா வரட்டும், பாட்டி "ஐயோ"ன்னு முகத்தை மூடிக்கட்டும். பாட்டி "டைம் ப்ளீஸ்" சொன்னா பாப்பா நிக்கணும், பாப்பா சொன்னா பாட்டி நிக்கணும். சாப்பாட்டு நேரத்துல வேண்டாம், சோறு புரையேறும். சாயங்காலம் வெளிச்சத்துல அஞ்சு நிமிஷம் விளையாடுங்க.