சரக்கு ரயில் பாதைகளை ஊருக்கு வெளியே மாற்றுகிறார்களே, குன்னூர் பாதையையும் அப்படி மாற்ற முடியுமா?

கேள்வி: குன்னூர்க் கடைக்காரர்

குன்னூர் பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள, நீலகிரி மலை ரயில் கடக்கும் ரயில்வே கேட்டுக்குச் சற்றுத் தள்ளி நான் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் கேட் விழுந்தால் என் கடை வாசல் வரை வண்டிகள் நின்றுவிடுகின்றன; சரக்கு இறக்க வரும் மினி லாரி ஓட்டுநர், முட்டைகோஸ் மூட்டைகளை நடுரோட்டிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் போனதும் உண்டு. வளரும் ஊர்களில் சரக்கு ரயில் பாதையைப் பெயர்த்துப் புறநகருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று படித்தேன். இங்கும் அதைச் செய்யக் கோரி மனு எழுதலாமா?

பதில் 1: கோவைப் பொறியாளர்

அண்ணா, அந்த ரயிலுக்கு அந்த ஊரில் வேலை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈரோட்டிலிருந்து கேரளம் செல்லும் சரக்கு ரயில்கள் கோவை சந்திப்புக்குள் நுழையத் தேவையில்லை. இருகூரிலிருந்து நேராகப் போத்தனூருக்குப் பாதை இருக்கிறது. வட இந்தியாவில் சரக்கு ரயில்களுக்கென்றே போட்ட கிழக்குச் சரக்கு வழித்தடமும் கான்பூர், பிரயாக்ராஜ் போன்ற ஊர்களை ஒதுங்கிச் செல்கிறது. ஒதுங்க இடமில்லாத லாஸ் ஏஞ்சலஸ் துறைமுக வழித்தடத்தில், பழைய கிளைப் பாதைகளை ஒன்றாக்கி, ஏறத்தாழ 16 கி.மீ. தூரத்துக்குப் பள்ளம் தோண்டி ரயிலைத் தரைக்குக் கீழே இறக்கினார்கள். 2002இல் அது திறக்கப்பட்டபோது சுமார் 200 கேட்டுகளுக்கு வேலையில்லாமல் போனது. இவையெல்லாம் நிற்காமல் கடந்துபோகும் சரக்கு ரயில்களுக்குத்தான் பொருந்தும். நம் மலை ரயிலோ குன்னூரில் நின்று, எஞ்சின் மாற்றி, ஆள் இறக்கி ஏற்றிப் போகிறது.

பதில் 2: ஓய்வுபெற்ற தண்டவாளப் பணியாளர்

தம்பி சொன்னதோடு மலையின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் கிடக்கின்றன. எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டுதான் 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தில் ஏறுகிறது. குன்னூருக்கு மேலே அந்தச் சட்டம் இல்லை என்பதால், 25 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏற்றம் வைக்கவில்லை. 40 மீட்டர் உயர வேண்டுமானால் முழுதாக 1 கி.மீ. பாதை வேண்டும். ஊருக்கு வெளியே ஒதுங்கினால் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. நவம்பர் மழையில் புதிதாக வெட்டிய மண் எப்படி இறங்கும் என்பதை மண்வெட்டியோடு நின்று பார்த்தவன் நான். 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்த பாதை இது, மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை 46 கி.மீ.க்குள் 208 வளைவுகள், 16 குகைகள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டது. இதில் ஒரு வளைவை நகர்த்துவதென்றாலே டெல்லி வரை போக வேண்டும்.

முன்பு இதில் சரக்கும் ஏறியது. மேட்டுப்பாளையத்தில் அகலப் பாதைப் பெட்டியிலிருந்து மீட்டர் பாதைப் பெட்டிக்கு மூட்டையை மாற்றுவதற்குள் லாரி மலையேறிவிடும். அந்த லாரிகள்தாம் இன்று உங்கள் கடை முன்னால் நிற்கின்றன.

பதில் 3: குன்னூர் பெட்ஃபோர்டுவாசி

கடைக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாளில் கேட் விழுவது சில தடவைகள்தாம். கேட் திறந்திருக்கும் நேரத்திலும் நெரிசல் குறைவதில்லையே? கேட்டை ஒட்டி இரண்டு பக்கமும் சுற்றுலா வண்டிகளை நிறுத்திவிட்டு வர்க்கி வாங்கப் போகிறார்கள். கேட் திறந்த பிறகும் பேருந்து திரும்ப இடமில்லை. நிறுத்துமிடத்தைத் தள்ளிவைப்பது தண்டவாளத்தைத் தள்ளிவைப்பதைவிடச் சுலபம்.

கேட்டவர் மீண்டும்: குன்னூர்க் கடைக்காரர்

பெரியவருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. இன்று காலை கடையில் உட்கார்ந்தே கவனித்தேன். ரயில் போய் நெடுநேரம் ஆன பின்னும் இரண்டு வேன்கள் கேட்டுக்கு அருகில் அசையாமல் நின்றன, அவற்றில் ஒன்று என் கடைக்கு வந்த வாடிக்கையாளருடையது. மனுவில் பாதை மாற்றம் என்ற வரியை அடித்துவிட்டு, கேட்டின் இரு பக்கமும் வண்டி நிறுத்தத் தடை, பாதசாரிகளுக்கு நடைமேம்பாலம் என்ற இரண்டை மட்டும் எழுதியிருக்கிறேன். நகராட்சிக்கும் ரயில்வேக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டுமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.