சராசரியா, விக்கெட் விலையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கிரிக்கெட்டில் ஒருவருடைய மட்டைத்திறனை அளக்கும் 'பேட்டிங் ஆவரேஜ்' என்ற எண்ணுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழை மூன்று நாளாக முதல் பாதியையே சுற்றிக்கொண்டிருக்கிறது. மட்டையாட்டமா, துடுப்பாட்டமா என்று. எனக்கு அதில் பெரிய வில்லங்கம் தெரியவில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதுபோல இலங்கையில் துடுப்பாட்டம் பத்திரிகையிலும் வானொலியிலும் தாராளமாகப் புழங்குகிறது. இங்கே மட்டை. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்துவது இரண்டாம் பாதி. அங்கே 'சராசரி' வந்து உட்கார்ந்தது சரிதானா?

அது உருது வழியாக வந்த சொல், தமிழே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கிருந்து வந்தால் என்ன, பள்ளிக் கணக்கிலும் பேச்சிலும் ஊறிவிட்டது. என் சங்கடம் வேறு.

முதலில் பொருள். 'சராசரி மாணவன்', 'சராசரிப் படம்' என்றால் நமக்கு என்ன தோன்றுகிறது? சுமார் என்றுதானே. ஒருவர் மகத்தான மட்டையாளர் என்று வாதாட நாம் முதலில் எடுத்து நீட்டுகிற எண்ணுக்குப் பெயர் சுமார்! 'கோலியின் சராசரி ஆட்டம்' என்று யாராவது தலைப்புப் போட்டால், அது புள்ளிவிவரக் கட்டுரையா, திட்டி எழுதியதா என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது கணக்கு. இந்த எண் உண்மையில் சராசரியே இல்லை. பள்ளியில் படித்த கூட்டுச் சராசரி (இலங்கையில் 'இடை' என்பார்கள்) எல்லா மதிப்புகளையும் கூட்டி, எத்தனை மதிப்புகளோ அத்தனையால் வகுப்பது. கிரிக்கெட்டில் அப்படிச் செய்வதில்லை. எடுத்த ரன்களை ஆடிய இன்னிங்ஸால் வகுக்காமல், எத்தனை தடவை அவுட் ஆனாரோ அந்த எண்ணால் வகுக்கிறோம். ஆட்டமிழக்காமல் நின்ற இன்னிங்ஸின் ரன் மேலே சேரும், கீழே எதுவும் சேராது.

இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் இதன் முழு வீச்சு எனக்கு உறைத்தது ஆஸ்திரேலியாவின் பிராட்மன் கணக்கை ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்த்தபோதுதான். 1948 ஆகஸ்ட், ஓவல் மைதானம், அவருடைய கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ். எரிக் ஹோலிஸ் வீசிய கூக்ளி (எதிர்பாராத பக்கம் திரும்பும் சுழற்பந்து), சந்தித்த இரண்டாவது பந்து, பூஜ்யத்தில் பௌல்டு. 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 10 முறை ஆட்டமிழக்காமல், 6,996 ரன். 70-ஆல் வகுத்தால் 99.94. 'நாலே நாலு ரன் எடுத்திருந்தால் 100' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. சரி, அந்த நாலு ரன்னையும் விட்டுவிடுங்கள். ஒரு ரன்கூட எடுக்காமல், மறுமுனையில் எல்லோரும் விழ, அவர் மட்டும் அவுட் ஆகாமல் பூஜ்யத்தோடு திரும்பியிருந்தால்? 6,996-ஐ 69-ஆல் வகுக்க வேண்டும். 101.39! அன்று அவருக்குக் குறைந்தது ரன் இல்லை. விழுந்ததுதான் குறை. எந்தச் சராசரி இப்படி நடந்துகொள்ளும்? கூட பூஜ்யம் ஒன்றைச் சேர்த்தால் சராசரி இறங்கத்தானே வேண்டும்? இங்கே இருந்த இடத்தில் அப்படியே நிற்கும்.

ஆக இது 'ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு' என்ற எண் இல்லை. 'ஒருமுறை வீழ்த்த எவ்வளவு' என்ற எண். சொல்லும் அதைச் சொல்ல வேண்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். 'ஓட்ட வீதம்' வேண்டாம், ரன் ரேட்டுக்கு அதை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. 'வீழ்வீதம்' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பொருள் தலைகீழ். வீழ்வீதம் அதிகம் என்றால் அடிக்கடி விழுகிறவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 'நிலைப்பு' என்பதை வைத்து நிலைப்பெண் என்று ஒருவர் அமைத்திருந்தார். நிலைப்பு, எண் இரண்டும் சேர்ந்தது. புணர்ச்சி விதிப்படி தவறே இல்லை. ஆனால் படிக்கிறவர் 'நிலைப் பெண்' என்று பிரித்துப் படித்துவிட்டு, யாரந்தப் பெண் என்று கேட்பார். தவிரவும் நிலைப்பு நேரத்தைச் சொல்கிற சொல். டெஸ்ட்டில் சேவாக்கின் பேட்டிங் ஆவரேஜ் 49.34. நூறு பந்துக்கு 82 ரன் என்ற வேகத்தில் அடித்தவரை நிலைத்து நின்றவர் என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

என் பரிந்துரை: விக்கெட் விலை.

எதிரணி ஒரு விக்கெட்டை எடுக்க எத்தனை ரன் கொடுக்க வேண்டியிருக்கிறதோ அது அந்த விக்கெட்டின் விலை. ஆட்டமிழக்காமல் நிற்பதும் இதில் இயல்பாக அடங்கிவிடுகிறது. சந்தையில் விலை பேசி முன்பணம் கொடுத்தார்கள், சரக்கு கைமாறவில்லை. முன்பணம் கல்லாவில் சேர்ந்துவிட்டது, சரக்கும் கடையிலேயே இருக்கிறது. அடுத்த முறை வருகிறவர் மேற்கொண்டு கொடுக்க வேண்டும்.

இப்போது 'சராசரி'க்கு வேலை இல்லாமல் போய்விடாது. ரன்னை இன்னிங்ஸால் வகுத்து வருவதை அதன் உண்மையான பெயரால் இன்னிங்ஸ் சராசரி என்போம். இரண்டு சொல் இருந்தால் என்ன நடக்கிறது பாருங்கள். ஒருநாள் ஆட்டத்தில் மைக்கேல் பெவன் 6,912 ரன், 196 இன்னிங்ஸ், 67 முறை ஆட்டமிழக்கவில்லை. விக்கெட் விலை 53.58. சச்சின் 18,426 ரன், 452 இன்னிங்ஸ், 41 முறை ஆட்டமிழக்கவில்லை. விலை 44.83. பெவன்தான் மேலே. இன்னிங்ஸ் சராசரி போட்டால் சச்சின் 40.77, பெவன் 35.27. தட்டு அப்படியே மாறிவிடுகிறது. இவற்றில் எது பொய்? இரண்டும் பொய் இல்லை. ஆறாவது ஆளாக வந்து கடைசி ஓவர் வரை ஆட்டத்தைக் கொண்டுபோனவருடைய விக்கெட் வாங்கக் கடினமானது. முதல் ஆளாக இறங்கியவருடைய ஒவ்வொரு இன்னிங்ஸும் கனமானது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருபது வருடமாக டீக்கடையில் சண்டை போட்டோம்.

டெஸ்ட்டிலும் இதே கதை. வெஸ்ட் இண்டீஸின் லாராவின் விலை 52.88, ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வாவின் விலை 51.06. பக்கத்துப் பக்கத்துக் கடை மாதிரி இருக்கிறது. ஆனால் லாரா ஆறே முறைதான் ஆட்டமிழக்காமல் நின்றார், ஸ்டீவ் வா 46 முறை. இன்னிங்ஸ் சராசரியில் லாரா 51.52, ஸ்டீவ் வா 42.03.

நாட் அவுட்டால் விலை எகிறுவது மோசடி என்று நினைப்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. மாவட்ட லீக்கில் ஒரு சின்ன மன்றத்துக்கு சில வருடம் ஸ்கோர் எழுதினேன். ஆண்டு விழாவில் சிறந்த மட்டையாளர் கோப்பை, அதிகச் சராசரிக்கு என்று முடிவு. தொடக்க வீரன் 11 இன்னிங்ஸ், எல்லாவற்றிலும் அவுட், 430 ரன், 39.09. எங்கள் பதினோராவது ஆள், பந்து வீச மட்டுமே சேர்த்தவன், எட்டு முறை இறங்கி ஒரே முறை அவுட், மொத்தம் 43 ரன். கோப்பை அவனுக்கு. வாங்கும்போது கூச்சத்தில் நெளிந்தான். ஒட்டுமொத்தக் கூட்டமும் சிரித்தது, தொடக்க வீரனைத் தவிர. நான் எழுதிய நோட்டுதான் ஆதாரம், அதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

எங்கள் ஊர்க் கூத்து மட்டும் இல்லை இது. 1953-ல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தபோது வேகப்பந்து வீச்சாளர் பில் ஜான்ஸ்டன் 17 இன்னிங்ஸில் ஒரே முறை அவுட் ஆகி 102 ரன் எடுத்தார். 'சராசரி 102'. அதிகபட்சம் 28. ஒருமுறை விற்ற சரக்கின் விலையை வைத்து யாராவது சந்தை நிலவரம் எழுதுவார்களா? விலை என்ற சொல் இருந்தால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: எத்தனை தடவை விற்றது? வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி காண்டோம் 1948-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரே டெஸ்ட், ஒரே இன்னிங்ஸ் ஆடினார். 112. மறுபடி ஒரு டெஸ்ட் அவருக்குக் கிடைக்கவில்லை. பட்டியலில் பிராட்மனுக்கு மேலே. 17 டெஸ்ட் மட்டுமே ஆடிய காம்ப்ளியின் விலை 54.20, 200 டெஸ்ட் ஆடிய சச்சினின் விலை 53.78.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் இனிமேல்தான். சராசரி என்றதும் கணக்கு முடிந்துவிட்டது என்று தோன்றும், கீழே கோடு போட்டுவிடுவோம். விலை என்றால் அப்படி விடமாட்டோம். எந்தச் சந்தை, எந்தப் பருவம், வாங்க வந்தவர் யார் என்று கேட்போம். தக்காளிக்கே கேட்கிறோம்.

சங்கக்காராவை எடுங்கள். மொத்த விலை 57.40. அது இரண்டு விலை கலந்தது. விக்கெட் கீப்பராகவும் ஆடிய 48 டெஸ்ட்டில் 40 சொச்சம், கையுறையைக் கழற்றிவிட்டு ஆடிய 86 டெஸ்ட்டில் 66-க்கும் மேல். ஒரே ஆள்தான். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துவிட்டு மட்டையைத் தூக்கினால் விக்கெட் மலிவாகப் போகிறது. விலை குறையாத கடை என்று பேர்போன பிராட்மனிடமே 1932-33-ல் இங்கிலாந்தின் லார்வுட்டும் கூட்டாளிகளும் உடம்பைக் குறிவைத்து வீசி 56.57-க்குப் பேரம் முடித்தார்கள்.

அப்புறம் விஸ்வநாத். விலை 41.93. பட்டியல் போடுகிறவர்கள் 50-ல் கோடு கிழித்து, கீழே உள்ளவர்களைப் பார்க்கவே மாட்டார்கள். 1975 ஜனவரி, சேப்பாக்கம். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸ். இந்தியா மொத்தமே 190, அதில் விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. மறுமுனையில் சந்திரசேகர் விழ, சதத்துக்கு மூன்று ரன் முன்னால் நின்றுபோனது. ஆட்டத்தை இந்தியா 100 ரன்னில் வென்று தொடரை 2-2 ஆக்கியது. இன்றும் சென்னையில் பழைய ரசிகர்களிடம் சேப்பாக்கம் என்றால் முதலில் அந்த 97-தான் வரும். அந்த இன்னிங்ஸை அழித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். விஸ்வநாத்தின் விலை 41.26 ஆகிறது. வித்தியாசம் 0.67. ஒரு ஊரே ஐம்பது வருடமாகப் பேசுகிற ஆட்டம் ஒரு ரன்கூடப் பெறவில்லை! எண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது மொத்த வியாபாரத்தின் விலை. அன்று ராபர்ட்ஸ் எவ்வளவு கொடுத்தும் சரக்கு கைமாறவில்லை என்பதை அது எப்படிச் சொல்லும்?

எதிர்ப்புகளுக்கு வருகிறேன். விக்கெட் ஆங்கிலம், தூய தமிழில் 'வீழ்விலை' என்றால் என்ன என்று ஒரு அன்பர் தனிமடலில் கேட்டார். எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 'வீழ்விலை' என்றதும் விலைவீழ்ச்சிதான் நினைவுக்கு வரும். இலங்கை வழக்கில் விக்கெட்டை 'இலக்கு' என்பார்களே, 'இலக்கு விலை' என்றால்? இங்கே பங்குச்சந்தைக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிரிக்கெட்டிலேயே இங்கே இலக்கு என்றால் துரத்த வேண்டிய ரன். பாக் நீரிணையைத் தாண்டியதும் பொருள் மாறும் சொல்லை வைத்துக் கலைச்சொல் கட்டக்கூடாது. விக்கெட் இரண்டு கரையிலும் விக்கெட்தான்.

வெறும் 'விலை' போதாதா என்பதற்கும் பதில்: போதாது. ரிஷப் பந்தின் விலை என்ன என்று கேட்டால் பக்கத்துவீட்டுப் பையன் ஐபிஎல் ஏலத்தை நினைத்து 27 கோடி என்பான்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதில் உங்கள் உதவி வேண்டும். பந்துவீச்சாளருக்கும் இதே எண்தான், வாங்குகிறவர் பக்கத்திலிருந்து: ஒரு விக்கெட் எடுக்க அவர் கொடுத்த ரன். வணிகத்தில் இதற்கு நல்ல சொல்லே உண்டு, அடக்கவிலை. முரளிதரன் 800 விக்கெட்டை 22.72 அடக்கத்தில் எடுத்தார் என்று எழுதினால் எவ்வளவு கச்சிதம்! ஆனால் சுருக்கி 'முரளிதரனின் அடக்கம்' என்று எவராவது தலைப்புப் போட்டுவிட்டால், ஒருபக்கம் அவர் பணிவானவர் என்று படிப்பார்கள், இன்னொருபக்கம் மாலை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். முழுதாக 'விக்கெட் அடக்கவிலை' என்றே எப்போதும் எழுதலாமா, அல்லது அதற்கும் 'விக்கெட் விலை'யையே வைத்துக்கொண்டு முன்னால் கொடுத்த, வாங்கிய என்று பிரிக்கலாமா? எனக்கு முதலாவதில் சாய்வு. கடை வைத்திருப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.