இறகில்லா அம்பை எய்து பார்ப்பதா, முதலில் கையைத் திருத்துவதா?

நாணொலி: 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு விசை என்று குறித்த லாங்போ (நீண்ட மர வில்) வைத்திருக்கிறேன். வலது கைக்காரன், மூன்று விரலால் இழுக்கிறேன். மர அம்புகள், ஸ்பைன் (தண்டின் விறைப்பு, எத்தனை பவுண்டு வில்லுக்குப் பொருந்தும் என்ற அளவில்) 50-55. 20 கஜத்தில் நன்றாக விட்டதாகத் தோன்றும் அம்புகூட இடப்பக்கமே போகிறது. இறகு ஒட்டாத அம்பை எய்து பார்த்து சரிசெய் என்று ஒருவர் சொல்கிறார், அதெல்லாம் வீண், எய்து பழகு என்று இன்னொருவர் சொல்கிறார். எதைக் கேட்பது?

கூர்முனை: இறகில்லா அம்பைத்தான். இறகு இருந்தால் தண்டின் குறையை வழியிலேயே ஓரளவு திருத்திவிடும், அதனால் தப்பு எங்கே என்றே தெரியாது. நாணை விட்டதும் அம்பு நேராகப் போவதில்லை, வளைந்து நெளிந்து வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு போகிறது. 1930-களில் ஹிக்மன், கிளாப்ஸ்டெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதிவேகப் படம் எடுத்து ஆராய்ந்த விஷயம் இது. தண்டு விறைப்பாக இருந்தால் போதுமான அளவு வளையாது, உங்களைப் போன்ற வலது கைக்காரருக்கு இடப்பக்கம் போகும். தொய்வாக இருந்தால் வலப்பக்கம். முதலில் ஒன்று சொல்லுங்கள், உண்மையில் எத்தனை அங்குலம் இழுக்கிறீர்கள்?

நாணொலி: அளந்தேன் அண்ணா, 26.

கூர்முனை: அப்படியானால் உங்கள் கையில் இருப்பது 45 பவுண்டு வில் அல்ல. இந்த அளவு வில்லில் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ இரண்டரை பவுண்டு குறையும், அதாவது சுமார் 40. அதற்கு 50-55 ஸ்பைன் விறைப்பு. உங்கள் கையில் கோளாறு தேடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

பழையகை: இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. 26 என்பது அவருடைய இயல்பான இழுப்பா, இல்லை தோளும் முதுகும் பழகாததால் பாதியில் நின்றுவிடுகிற இழுப்பா? பழகப் பழக இழுப்பு நீளும். இன்றைய குறைக்கு ஏற்ப அம்பைச் செய்துவைத்தால், நாளைக்கு 28 வந்ததும் எல்லா அம்பும் தொய்வாகிவிடும். இறகில்லா அம்பு விரல் விடுகிற தப்பையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும். விடும்போது கை பக்கவாட்டில் இழுத்தாலோ, கடைசி நொடியில் இழுப்பு தளர்ந்தாலோ அதுவும் 'விறைப்பு' மாதிரியே தெரியும். போதாததற்கு மர அம்பு இறகில்லாமல் கோணலாகக் குத்தினால் உடைந்தே போகும். மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பல் 1545-இல் மூழ்கியது, அதிலிருந்து ஆயிரக்கணக்கான அம்புகளை எடுத்தார்கள். அத்தனையையும் ஒவ்வொன்றாக ஒவ்வொரு வில்லுக்கும் பொருத்திப் பார்த்தா கொண்டுபோயிருப்பார்கள்?

கூர்முனை: போர்க்களத்தில் கூட்டத்தை நோக்கி எய்வதும், 20 கஜத்தில் ஒரு கையகல வட்டத்தில் எய்வதும் ஒன்றல்ல. உங்கள் கவலையில் பாதி நியாயம், ஒரே ஒரு அம்பை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. இறகுள்ளவை ஒரு கூட்டமாகவும் இறகில்லாதவை இன்னொரு கூட்டமாகவும் விழ வேண்டும், அவற்றுக்கு இடையில் உள்ள தூரத்தைத்தான் பார்க்கிறோம். முதலில் 10 கஜம், மென்மையான நுரை இலக்கு, அப்படிச் செய்தால் உடைவது குறையும். ஆனால் ஒன்று யோசியுங்கள். பொருந்தாத அம்போடு மாதக்கணக்கில் பழகுகிறவர் என்ன கற்றுக்கொள்வார்? இடப்பக்கம் போகிற அம்பை வலப்பக்கம் கொண்டுவர மணிக்கட்டைத் திருகக் கற்றுக்கொள்வார். அந்தப் பழக்கத்தை அப்புறம் எடுப்பது மகா கஷ்டம்.

கட்டைவிரல்: குறுக்கிடுகிறேன். கொரிய முறையில் கட்டைவிரலால் இழுக்கிறவர்கள் இதை அப்படியே பின்பற்றாதீர்கள். எங்களுக்கு அம்பு வில்லின் வலப்பக்கம் உட்காரும், அதனால் விறைப்பு என்றால் வலப்பக்கம் போகும். எல்லாம் தலைகீழ். மற்றபடி, நாணில் அம்பு மாட்டும் இடத்தின் உயரத்தை முதலில் சரிசெய்யாமல் இடம் வலம் பார்ப்பது பலனில்லை என்பது என் எண்ணம்.

கூர்முனை: நூறு சதவீதம். சற்று உயரத்திலேயே தொடங்குங்கள், அம்பு நாணுக்குச் செங்கோணமாக நிற்கும் இடத்துக்கு மேலே அரை அங்குலம் போல. அப்புறம் மெல்ல இறக்குங்கள். மாட்டும் இடம் ரொம்பத் தாழ்ந்தால் வால் வில்லில் மோதித் துள்ளி, உயரமாக வைத்தது போலவே பொய்யாகக் காட்டும். பக்கவாட்டிலும் இதே பொய் உண்டு. அளவுக்கு மீறித் தொய்வான தண்டும் பிடியில் மோதி இடப்பக்கம் பாயலாம்.

பழையகை: அதைத்தான் சொல்கிறேன்! விறைப்பும் இடப்பக்கம், மிகையான தொய்வும் இடப்பக்கம், தவறான விரலும் இடப்பக்கம். புதியவர் எதை எப்படிப் பிரிப்பார்?

கூர்முனை: முனையை மாற்றித்தான். 100 கிரெயின் (முனையின் எடையைச் சொல்லும் சிறு அலகு) முனை போட்டிருந்தால் 125 போடட்டும், அப்புறம் 145. கனம் ஏற ஏற தண்டு தொய்வாக நடந்துகொள்ளும். இறகில்லா அம்புகள் மற்றவற்றை நெருங்கி வந்தால் விறைப்புதான் காரணம். முனையை மாற்றியும் அசையாவிட்டால், அன்றைக்கு நீங்கள் சொல்கிறபடி விரலைப் பார்ப்போம்.

பழையகை: அந்தச் சோதனைக்கு எனக்கு மறுப்பில்லை. தண்டை மட்டும் வெட்ட வேண்டாம். வெட்டினால் இன்னும் விறைக்கும், திரும்ப ஒட்டவும் முடியாது. இழுப்பு நிலைக்கும் வரை புது அம்பும் வாங்க வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

நாணொலி: சரி, வெட்டவில்லை. முனைகள் மட்டும் வாங்குகிறேன்.

கூர்முனை: சூட்டில் உருகுகிற பசையால் ஒட்டுங்கள், லேசாகச் சூடாக்கினால் கழன்றுவிடும். அம்பு மாட்டும்போது ஒன்று பாருங்கள், தண்டில் ஆண்டு வளையக் கோடுகள் நெருக்கமாக, இணையாக ஓடும் பக்கம் வில்லைத் தொட வேண்டும். அது எல்லா அம்பிலும் ஒரே மாதிரி இல்லையென்றால் எந்த முனை போட்டாலும் கூட்டம் சிதறும்.