படிவத்தில் நான் எழுதிய அந்த ஒரு வரி

ஹூஸ்டன் கணக்காளர்:
2017-இல் எங்கள் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக் குழுவில் நான் மூன்றாவது ஆள். வந்திருந்த கறுப்பினப் பெண் எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லை. அவர் எழுந்து போனதும், கதவு முழுதாகச் சாத்துவதற்குள், மேலாளர் தம் தலையைச் சுற்றி விரலால் சடை பின்னுவதுபோல் காட்டி, "வாடிக்கையாளர் முன்னால் இந்தத் தலையோடா?" என்றார். படிவத்தை நிரப்பும் பொறுப்பு என்னுடையது. "பணிச்சூழலுக்குப் பொருந்தமாட்டார்" என்று எழுதினேன், இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்குப் போன நான். கறுப்பர் என்பதாலா, பெண் என்பதாலா என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

டல்லாஸ் பொறியாளர்:
என்னுடன் பணியாற்றிய கறுப்பினப் பெண் கூட்டத்தில் மறுத்துப் பேசினால் கோபக்காரி என்பார்கள். அதையே நான் சொன்னால் தெளிவானவன் என்பார்கள். அது நிற்க. சகோதரி குழம்பத் தேவையில்லை, அது நிறவெறிதான். உங்கள் அலுவலகத்தில் வேறு பெண்கள் இருந்தார்கள் அல்லவா? இனி இப்படி நேர்ந்தால், சொன்னவரின் சொற்களை நாள், நேரத்தோடு அன்றே குறித்து வையுங்கள். பாதிக்கப்பட்டவர் கூட்டாட்சி அரசின் வேலைச் சமவாய்ப்பு ஆணையத்திடம் முறையிடப் பொதுவாக 180 நாள்தான் கெடு. மாநில அமைப்பும் அதே பாகுபாட்டைத் தடைசெய்திருந்தால் 300 நாள். டெக்சஸில் 2023 செப்டம்பர் 1 முதல், தலைமுடி அமைப்பை வைத்து இனப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரௌன் சட்டமும் நடப்பில் உள்ளது. சடையைக் காரணம் காட்டி வேலையை மறுக்க முடியாது.

செயின்ட் லூயிஸ் வாசகர்:
டல்லாஸ் நண்பரின் கேள்வியைத்தான் எங்கள் ஊர்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பாகவே எழுதியது. ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு அது. 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை அங்கே ஏறக்குறைய எடுத்ததே இல்லை என்பதால், கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதிப்படி ஆட்குறைப்பு நடந்தபோது, 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தார்கள். பெண்களை எடுத்திருக்கிறார்களே என்றது நீதிமன்றம். அந்தப் பெண்கள் வெள்ளையர். இனம், பால் இரண்டையும் சேர்த்து ஒரே குறையாக முறையிட இடமில்லை என்றும் சொன்னது. 1989-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்ற சொல்லை, அதாவது இனம், பால் போன்ற பாகுபாடுகள் ஒருவர்மேல் ஒன்றோடொன்று பின்னி விழுவதைக் குறிக்கும் சொல்லை, முன்வைத்த கட்டுரையில் அலசிய வழக்குகளில் இதுவும் ஒன்று.

படித்துத் தெரிந்துகொண்டு நான் இதைச் சொல்லவில்லை. 2009-இல் ஆட்குறைப்புப் பட்டியலைத் தயாரித்தவன் நான். எங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த இருவரும் கறுப்பினப் பெண்கள். அவர்களில் மூத்தவர் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "இந்த வேலை கிடைப்பதற்கு முன்னால் எத்தனை முறை விண்ணப்பித்தேன் தெரியுமா?" என்று கேட்டார். விதி அப்படி என்றேன்.

ஹூஸ்டன் கணக்காளர்:
டல்லாஸ் அண்ணா, நீங்கள் கேட்ட பிறகு எண்ணிப் பார்த்தேன். வரவேற்பு மேசைப் பெண்கள் நால்வரும் வெள்ளையர். கிடங்கில் இருந்த கறுப்பினத் தம்பிக்கும் அதே சடைதான். அவரை ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. இன்னொன்றை முதலில் எழுத விட்டுவிட்டேன். வெளியே போகும்போது அந்தப் பெண் குழுவில் என் ஒருத்திக்கு மட்டும் தனியாக நன்றி சொன்னார்.