சட்டக் குறிப்புகளை எல்லோருக்கும் எட்டும்படி செய்ய உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வாடகை, கூலி பாக்கி, குடும்ப வன்முறை பற்றிய சட்டக் குறிப்புகளை எளிய தமிழில் தொகுத்திருக்கிறோம். பார்வையற்ற தோழி ஒருவர் போனில் திறந்தார். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் ஒரு சொல்லைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை. பாதி ஸ்கேன் செய்த படங்கள். மீதி யூனிகோடுக்கு (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு) முந்தைய எழுத்துருவில் தட்டியவை, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக ஒலித்தன. அவர் முகம் வாடியதை மறக்க முடியவில்லை.

படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிழையில்லாமல் எடுக்கும் மென்பொருள் எது? அது தவறாகப் படித்து 30 நாள் கெடு 80 ஆகிவிட்டால் ஒருவரின் வழக்கே போய்விடும், அதனால் சரிபார்க்க ஒரு வழக்கறிஞரும் வேண்டும்.

அப்புறம், படிக்கத் தெரியாதவர்களுக்காக வாட்ஸ்அப்பில் அனுப்ப இரண்டு நிமிடக் குரல் பதிவுகளும் வேண்டும். 'ஒத்திவைப்பு' என்பதைவிட 'வாய்தா' என்றால் சட்டென்று புரியும். அப்படி இயல்பாகப் பேசக்கூடியவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்களேன்.